ஏடு பிரிந்த தீவு: ரியூனியன் படநூல்களும் தமிழர் சுவடும்

ரியூனியன் தீவில் அடிமைமுறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிந்தது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கெனப் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியே தமிழர் மிகுதியாக ஒப்பந்தத் தொழிலாளராகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் தம் வாழ்வை எழுதிவைக்கவில்லை. எனவே அக்காலப் படநூல்கள் அவர்தம் வரலாற்றுக்கு அரிய சான்றுகளாகின்றன.

அவற்றுள் குறிப்பிடத்தக்கது, அந்துவான் ரூசேன் (1819–1894) 1860களில் வெளியிட்ட தீவுப் படத்தொகுப்பு. கல்லச்சில் எடுக்கப்பட்ட நிலக்காட்சிகளும் மாந்தர் உருவங்களும் கட்டுரைகளுடன் பகுதி பகுதியாக வெளிவந்தன; வாங்கியோர் பின்னர்க் கட்டடம் செய்துகொண்டனர். ஆதலின் படிக்குப் படி உள்ளடக்கம் வேறுபடக்கூடும். வாங்கும் வசதி படைத்தோரை நோக்கி வரையப்பட்ட இப்படங்களில் தோட்ட வாழ்வின் துயரை முழுமையாகக் காண இயலாது. உடனிருக்கும் உரையோடு வைத்தே அவற்றை ஆராய்தல் வேண்டும்.

ஆனால், பழநூல் வணிகத்தில் இத்தகைய நூல்களைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்கும் வழக்கம் உண்டு. படம் சுவரேறுகிறது, அதை விளக்கும் உரை மறைகிறது. பிரெஞ்சுக் குடியேற்ற வழக்கில் தென்னிந்தியர், குறிப்பாகத் தமிழர், 'மலபார்' எனப்பட்டனர். உரையின்றி இச்சொல் மட்டும் எஞ்சினால், பட்டியலாளர் அதனைக் கேரளக் கரையோடு இணைத்துவிடக்கூடும். 'தமிழர்' என்று தேடுவோர்க்கு அப்படம் அகப்படாது.

ஆகவே, நூலகங்கள் முழுப்படிகளையே நாடுதல் வேண்டும். தனிப்படம் கிடைப்பின் அதன் மூலநூலையும் இடத்தையும் பதிதல் வேண்டும். 'மலபார்' என்னும் மூலச்சொல்லை நீக்காமல், சான்று உள்ளவிடத்துத் 'தமிழர்' என்னும் தலைப்பையும் சேர்த்தல் வேண்டும். கடல் கடந்தோர் பட்டியலிலேனும் தம் பெயரைப் பெறுதல் முறை.