கண்ணீர்த்துளி வண்டியும் கித்தான் தாழ்வாரமும்

அமெரிக்காவின் பழைய கேம்பிங் டிரெய்லர் படங்களைப் பார்க்கும்போது, வண்டியை விட அதன் பக்கவாட்டில் இழுத்துக் கட்டிய துணிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

1919-ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' சங்கம் தொடங்கியது. காரில் ஊர் சுற்றி, டப்பா உணவு சாப்பிட்டவங்க. காரின் கூரையிலிருந்து கித்தானை இறக்கிக் கட்டினா அதுவே வீடு.

1930-களில் கண்ணீர்த்துளி வடிவ டிரெய்லர் பரவியது. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், நிற்க முடியாது. அடுப்பு பின்பக்கம், தூக்கிய கதவுக்கு அடியில் வெளியே நின்னுதான் சமையல். 1947-ல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழ் அதற்கு வரைபடமே வெளியிட்டது. வீட்டிலேயே வண்டி செய்பவருக்குத் தாழ்வாரம் ஒரு பெரிய வேலையா?

கித்தானின் ஒரு ஓரம் வண்டிக் கூரையில். மறு ஓரத்தில் இரண்டு கம்பு, கயிறு, முளை. ஒரு கம்பைச் சற்றுத் தாழ்த்தணும். இல்லேன்னா தண்ணி நடுவில் தேங்கி, கனம் தாங்காம சாய்ஞ்சிடும். பருத்தி நூல் நனைஞ்சா உப்பி, இடைவெளியை அடைச்சுக்கும். இன்னும் உறுதிக்கு, டர்பன்டைனில் கரைத்த பாரஃபின் மெழுகைப் பூசுவாங்க. ஆனா நனைந்த துணியை உள்ளிருந்து விரலால் தொட்டால், அந்த இடத்தில் ஒழுக ஆரம்பிக்கும்!

அலுமினியமும் இரும்பும் மிஞ்சும், துணி மக்கிப்போகும். அதனால் வண்டிகளின் வரலாறுதான் நமக்குக் கிடைக்கிறது. வண்டிக்குள் தூங்கினாங்க, அவ்வளவுதான். மழையிலும் வெயிலிலும் சமைச்சது, சாப்பிட்டது, பக்கத்து முகாம்காரரோடு பேசினது எல்லாம் அந்த மலிவுத் துணிக்கு அடியில்தான்.