நீண்ட ஏராவின் கதை

மலைமேல் வாழும் நேயர்களிடம் கடற்கலங்களைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் கேட்கலாம். 1940ஆம் ஆண்டு முதல் பள்ளிவாசலில் நீரின் விசை மின்சாரமாக மாறுவதைக் கண்டுவரும் குடும்பங்கள் உங்களுடையவை. பாயும் நீருக்கு எதிரே ஒரு தகட்டை முறையாக நிறுத்தினால் அது எத்துணை வேலை செய்யும் என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பாய்மரக் கலத்தின் அடியிலும் நீரோடு மல்லாடும் உறுப்பு ஒன்று உண்டு. அதற்குத் தமிழில் ஏரா என்று பெயர்.

ஏராவுக்கு இரண்டு பணிகள். பக்கக் காற்று வீசும்போது கலம் நண்டு போல் ஒருபுறமாக நகர்ந்துவிடாமல் அது நீரைப் பற்றி நிற்க வேண்டும். சாய்ந்த கலத்தை நிமிர்த்தவும் வேண்டும். இரண்டாவது பணிக்காகவே அதன் கீழ் இரும்போ ஈயமோ பொருத்துவார்கள். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எப்படித் தள்ளினாலும் எழுந்து உட்காருகிறதே, அதே தத்துவந்தான்.

பழைய கலங்களில் ஏரா முன்னிருந்து பின்வரை நீண்டு, சுக்கானையும் தன் முனையிலே தாங்கி நின்றது. அத்தகைய கலம் எளிதில் திசை மாறாது. ஆனால் நீரில் உராயும் பரப்பு மிகுதியாதலால் வேகம் குறையும். ஆகவே 1960களில் பந்தயக் கலங்களை அமைப்போர் ஏராவை மீன்துடுப்புப் போலக் குறுக்கிச் சுக்கானைத் தனியே பிரித்து வைக்கலாயினர்.

அதே காலத்தில் மும்பையில், நம்மவர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற அந்நகரில், இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தால் ஒரு சிறு கலத்தைச் செய்தார்கள். நீளம் 32 அடி. செய்வித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய வணிகக் கப்பல் அதிகாரி. அவர் விரும்பியது வேறொரு படகின் வரைபடம். அஞ்சலில் வந்து சேர்ந்ததோ நார்வே நாட்டு உயிர்காப்புப் படகுகளைப் பின்பற்றி அமெரிக்கரான வில்லியம் அட்கின் வரைந்த பழைய அமைப்பு. இரு முனைகளும் கூர்மை; நீண்ட ஏரா; கனத்த உடல். அதற்குச் சுஹைலி என்று பெயரிட்டார். பாரசீக வளைகுடாவில் வீசும் தென்கிழக்குக் காற்றின் பெயர் அது. சுஹைல் என்று அரபியர் அழைக்கும் விண்மீனை நாம் அகத்தியர் என்கிறோம்.

1968இல், எங்கும் நிற்காமல் தனியொருவராக உலகைச் சுற்றும் முதற் பந்தயத்தில் ஒன்பதுபேர் இறங்கினர். இருவர் மூன்று உடல் கொண்ட கலங்களில் சென்றனர். (இவ்வகைப் பல்லுடற் கலங்களைக் கண்டு நம் கட்டுமரத்தின் வழிவந்தவை எனப் பெருமைப்படுவோர் உளர். 'கேட்டமரான்' என்ற பெயர் நம்முடையது. இரட்டை உடல் அமைப்போ பசிபிக் தீவினருடையது.) அவ்விரண்டில் ஒன்று இங்கிலாந்தை நெருங்கும் வேளையில் உடைந்து மூழ்கியது, மற்றதன் தலைவர் திரும்பவே இல்லை.

சுஹைலியும் இன்னற்படாமல் இல்லை. நீர்மட்டத்துக்குக் கீழ் பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் கடலில் மூழ்கிப் பஞ்சு திணித்து அடைத்தார். வானொலிக் கருவி பழுதாயிற்று. ஆஸ்திரேலியாவை அடைவதற்குள் தானியங்கித் திசைக்கருவியும் உடைந்தது. குறுகிய ஏரா உடைய கலமாயின் அவர் இரவும் பகலும் சுக்கானைப் பிடித்தே இருந்திருக்க வேண்டும். சுஹைலியிலோ பாய்களைச் சமன்செய்து கட்டிவிட்டு உறங்கினார். ஏரா வழி பிறழாமல் காத்தது. 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22ஆம் நாள் ஃபால்மத் துறைமுகத்தை அடைந்தார். பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே.

ஆயினும் பந்தய உலகம் வேகத்தையே நாடிற்று. உடல் அகலமாயிற்று; எடை குறைந்தது. அகன்ற தாம்பாளம் நீரில் நிமிர்ந்தும் மிதக்கும், கவிழ்ந்தும் மிதக்கும்; கவிழ்ந்தால் எளிதில் மீளாது. 1979இல் ஃபாஸ்ட்னெட் பந்தயத்துப் புயலில் 15 பந்தய வீரர்கள் மாண்டபின் இதனைத் தீவிரமாக ஆராய்ந்தனர். 1997 ஜனவரியில் தென்கடலில் டோனி புல்லிமோர் என்பவரின் கலத்து ஏரா முறிந்தே போயிற்று. தலைகீழான கலத்தினுள் இருளிலும் குளிரிலும் நாட்கணக்கில் கிடந்த அவரை ஆஸ்திரேலியக் கடற்படை மீட்டது. இதனால் புதியவை யாவும் தீயவை எனல் தகாது. 2025இல் வாந்தே குளோப் பந்தயத்தை வென்ற கலம் 64 நாளில் உலகைச் சுற்றிவிட்டது.

1968ஆம் ஆண்டுப் பந்தயத்தின் பொன்விழாவையொட்டி 2018இல் நடந்த போட்டியிலே நீண்ட ஏரா விதியாகவே வைக்கப்பட்டது. கேரளத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி, சுஹைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டிய துரியா என்ற கலத்தில் சென்றார். பெர்த் நகருக்கு மேற்கே 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், செப்டம்பர் 21ஆம் நாள் புயலில் துரியா புரண்டது. பாய்மரங்கள் முறிந்தன; டோமியின் முதுகெலும்பு நொறுங்கியது. நீண்ட ஏராவும் பேரலையைத் தடுக்கவில்லை. ஆனால் கலம் நிமிர்ந்து மிதந்தது. அசைய இயலாதவராய் அதனுள் கிடந்த அவரை மூன்றாம் நாள் ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

முதுகில் டைட்டானியத் தண்டுகள் பொருத்தப்பெற்ற டோமி, 2022இல் மீண்டும் அதே பந்தயத்துக்கு வந்தார். இம்முறையும் நீண்ட ஏரா கொண்ட கலமே, பெயர் பயனாத். 2023 ஏப்ரல் 29ஆம் நாள் பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்தில் இரண்டாமவராகக் கரையேறினார். முதலிடம் பெற்றவர் தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபர். தனித்து உலகைச் சுற்றும் பந்தயத்தில் வென்ற முதற் பெண் அவரே.