கவசமும் திரையும்

அந்தரங்க உரிமையின் சரித்திரத்தில் நம் திருவான்மியூருக்கும் ஓர் இடம் உண்டு. அங்கே கொலைகள் செய்து தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் சுயசரிதையை எழுதினான். 'நக்கீரன்' அதை வெளியிட முன்வந்தது. பெரிய அதிகாரிகளோடு அவனுக்கிருந்த தொடர்பு அதில் வருகிறதாம். சிறைத்துறைத் தலைவர் தடுக்கப் பார்த்தார்.

1994-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு, ஆனால், அவதூறு வருமோ என்று அஞ்சிப் பிரசுரத்தை முன்கூட்டியே தடுக்கச் சர்க்காருக்கு அதிகாரமில்லை.

2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, தனிப்பட்ட விவரம் என்று சொல்லி அதிகாரி மறுப்பதை எளிதாக்கியது.

குடிமகனுக்கென்று வார்த்த கவசம் அதிகாரிக்குத் திரையாகலாமா? திருவான்மியூர் வழக்கு கேட்ட கேள்வியும் இதுதானே!