பாட்டியின் பெயர் எந்தப் பேரேட்டில்?

கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட மலைகளின் கதையை யார் தொடங்கினாலும் ஜேம்ஸ் டெய்லரில்தான் தொடங்குவார்கள். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். 1873இல் அங்கிருந்து 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குப் போனது. 1892இல் தோட்டத்திலேயே இறந்தார். கண்டி மகியாவ மயானத்தில் அவருக்குக் கல்லறை இருக்கிறது. வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்கூட ஸ்கொட்லாந்தில் பத்திரமாக இருக்கின்றன.

அதே மலையில் கூடை சுமந்த ஒரு பெண்ணின் குடும்பக் கதையைத் தேடிப் போனால் என்ன கிடைக்கும்? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

அவள் பெரும்பாலும் திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து வந்தவள். தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் ஆண்கள்தான் அதிகம் வந்தார்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். பெண்கள் குறைவு. 1876இல் தாது வருஷப் பஞ்சம் பிடித்தபோது நிலைமை மாறியது. விதை நெல்லையும் தின்று தீர்த்த குடும்பங்கள் ஆள்கட்ட வந்த கங்காணி கொடுத்த முன்பணத்தை வாங்கிக்கொண்டு புறப்பட்டன. கரை வரைக்கும் நடை, பிறகு தோணி, மன்னாரில் இறங்கியதும் காட்டு வழி. மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை தாண்டி மாத்தளை வந்து சேரும்போது கைக்குழந்தையோடு கிளம்பியவள் குழந்தை இல்லாமல் வந்த கதைகள் பல வீடுகளில் உண்டு. வாந்திபேதி வழியெல்லாம் ஆட்களைக் கொண்டுபோனது. மாத்தளையிலிருந்து கண்டி, கண்டியிலிருந்து கலஹாவுக்கு மறுபடியும் ஏற்றம்.

வந்து சேர்ந்தவளை எழுத்தில் பிடித்துவைத்தது கடன். ஆள்கட்டி அழைத்துவந்த செலவு, அரிசி, கம்பளி எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துரை தரும் ‘துண்டு’ வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விட்டுவிடுகிறேன் என்பதே அதன் சாரம். கூட்டம் கங்காணியின் பெயரில் நிற்கும். புருஷன் அந்தக் கூட்டத்துக்குள் நிற்பான். அவள் புருஷனுக்குப் பின்னால் நிற்பாள். துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. அதுவரை பெண்கள் அந்தச் சீட்டுக்குள் எண்ணிக்கையாகவே கிடந்தார்கள்.

ஆனால் தோட்டம் நின்றது இவர்களால்தான். 1869இல் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் கோப்பியை அழித்தது. பின்னால் வந்த தேயிலைக்கு ஓய்வு கிடையாது. துளிர் வருஷம் முழுக்க வரும். நாள் தவறினால் முற்றிப்போகும். ஆகவே ஊர் திரும்பாத, மலையிலேயே குடும்பமாக இருக்கிற ஆட்கள் வேண்டும். லயக் காம்பராக்களில் குடும்பங்கள் நிலைத்ததற்கு இதுவே முதற் காரணம். விடியுமுன் தப்புச் சத்தம், பிரட்டுக் களத்தில் வரிசை, பிறகு மலை ஏற்றம். இடுப்பில் படங்கு, கூடைக் கயிறு நெற்றிக்கு மேலே, கொழுந்து மட்டம் பார்க்க மட்டக்கம்பு. மாலையில் நிறுவையில் இறாத்தல் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலிதான். பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி. அதையும் அவள் சார்பில் கணவன் வாங்கிக்கொள்வது வழக்கமாயிருந்தது. ஆணுக்குச் சமமான நாட்கூலி அவளுக்கு வந்தது 1984இல். டெய்லரின் 19 ஏக்கரைப் பேசுகிறவர்கள் இந்த வருஷத்தையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

செக்ரோல் என்ற தோட்டப் பேரேட்டில் பேர் விழுந்தது, உண்மை. மாரியாயி, கறுப்பாயி, மீனாட்சி என்று அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். கிளாக்கர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதை மறுபடி தமிழில் படித்தால் ஆளே மாறிப்போகும். கல்யாணம் கோயிலில் நடந்தது. பதிவு செய்தவர்கள் குறைவு. ஆகவே குடும்பக் கதை தேடுகிறவர்கள் ஏடுகளோடு நிற்காமல் கிழவிகளிடம் போக வேண்டும். சாவு வீட்டு ஒப்பாரியில் தாய்வீட்டு ஊர் வரும், அண்ணன் தம்பி வரும், கடல் தாண்டிய துக்கம் வரும். குலதெய்வம் எது, எந்த ஊர் எல்லையில் இருந்து பிடிமண் வந்தது என்று கேட்டால் அது ஒரு கிராமத்துக்கே வழி காட்டிவிடும். ஏட்டில் ஏறாத இந்தத் தாய்வழி நினைவு பெண்கள் வாயில்தான் இருந்தது.

அந்த நினைவுக்குச் சட்டத்தில் மதிப்பில்லாமல் போனதை எண்ணினால் இன்றும் மனம் கொதிக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரிடம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு ஆதாரம் கேட்டது. இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருக்குத் தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயோ பாட்டியோ கணக்கில் இல்லை. தாது வருஷத்தில் வந்து, இதே மலையில் பெற்று, இங்கேயே மண்ணான ஒருத்தியின் வாழ்க்கை அவள் பேரப்பிள்ளைக்கு ஆதாரமாகாது. 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் 1946 ஜனவரி 1க்கு முன் தொடர்ந்து இங்கே வாழ்ந்ததை நிரூபிக்கச் சொன்னது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 அக்டோபர் 30இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரை இரு நாடுகளுக்கும் பங்கு போட்டது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் முடிவாயிற்று. ஒரே பாட்டியின் பேரர்களில் சிலர் கலஹாவிலும் சிலர் கூடலூர், கோத்தகிரித் தோட்டங்களிலும் ஆனார்கள்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வாழ்கிற இந்திய வம்சாவளியினருக்கும் இங்கே வாழும் அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை தந்தது. அந்த வழி தந்தைவழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டமும் திருத்தப்பட்டு, தந்தை என்று இருந்த இடத்தில் தாயும் சேர்க்கப்பட்டாள்.