காலி ஷாம்பு பாக்கெட்டுக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது

தென்காசிப் பக்கம் பழைய இரும்புக்கடையில் எதை எடுக்கிறாங்க, எதை எடுக்கிறதில்லை என்று பார்த்தாலே மறுசுழற்சியின் பாதிக் கதை தெரிஞ்சுடும். இரும்பு, அலுமினியம், உடைஞ்ச வாளி எல்லாம் எடைக்குப் போகும். ஷாம்பு பாக்கெட் போகாது. அது வேறு வேறு பிளாஸ்டிக்கை அடுக்கி ஒட்டிய படலம். சேர்த்து உருக்கினால் உருப்படியாக ஒன்றும் வராது. ஒரு கிலோ சேர்க்கவும் ஆயிரக்கணக்கில் பொறுக்கணும்.

இதே காலி பாக்கெட்டுக்கு ஒரு காலத்தில் விலை இருந்தது. பாக்கெட் ஷாம்பு கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனின் யோசனை. அவர் மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கி 'சிக்' ஷாம்புவைக் கொண்டு வந்தார். எந்தக் கம்பெனி பாக்கெட்டானாலும் 5 காலி கொண்டு வந்தால் ஒரு சிக் இலவசம் என்று அறிவித்தார். பிறகு அதையே சிக் காலிகளுக்கு மட்டும் என்று மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்துக்குப் போச்சு. நோக்கம் வியாபாரம்தான். ஆனால் விலை வைத்தால் அந்தத் துண்டுப் படலத்தைக்கூட ஜனங்க பத்திரப்படுத்திக் கொண்டு வந்து கொடுப்பாங்க என்பது அப்பவே தெரிஞ்சுபோச்சு.

திட்டம் நின்றதும் காலி மறுபடி குப்பையாச்சு. அதில் ஒரு பங்கு குற்றாலத்துப் பாறை இடுக்குகளில் வந்து சேர்ந்தது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய்க்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட வேண்டி வந்தது.

பை, கவர் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக்குக்கு வழி சொன்னவர் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ரா.வாசுதேவன். ஜல்லியைச் சுமார் 160 டிகிரிக்குச் சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அது கல்மேல் உருகிப் படியும், அப்புறம் தார். பி.வி.சி. மட்டும் ஆகாது, சூட்டில் நச்சு வாயு வரும். 2002-ல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டுக் காட்டினார். அதே காலத்தில் பெங்களூரில் கே.கே. பிளாஸ்டிக் நிறுவனமும் இதே மாதிரி சாலைக் கலவையில் இறங்கியது. பிளாஸ்டிக் கோணி தயாரித்துக்கொண்டிருந்த கான் சகோதரர்கள், யாரும் வாங்காத கவர்களைக் கிலோ 6 ரூபாய்க்கு எடுத்தார்கள். பொறுக்குபவர்கள் அதைத் தேடி எடுக்க ஆரம்பித்தது அந்த விலையால்தான்.

2022-ல் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தந்தாங்க. பெரும்பாலான பாட்டில்கள் திரும்பி வந்தன.

குற்றாலம் சாலைக் கடைகளில் பாக்கெட்டுகளுக்கு இதையே செய்து பார்க்கலாம். ஒரு ரூபாய்ப் பாக்கெட்டுக்கு எவ்வளவு முன்பணம் வைக்கிறது என்று கேட்பீங்க. சிக் கணக்கையே எடுத்துக்கோங்க. 5 காலிக்கு ஒரு பாக்கெட். அதாவது காலிக்கு 20 பைசா. அன்னைக்கு அது போதுமானதா இருந்தது.