நெய் பூசிய வேலும் எவர்சில்வர் கத்தியும்

திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே, தஞ்சாவூர்ச் சாலையை ஒட்டியுள்ள கைலாசபுரம், எஃகோடு பிறந்த ஊர். 1965இல் உற்பத்தியைத் தொடங்கிய உயரழுத்தக் கொதிகலன் ஆலையின் பணியாளர்களுக்காக எழுந்த குடியிருப்பு அது. பகலெல்லாம் எஃகுக் குழாய்களோடு வாழும் அவ்வூரிலும், ஐப்பசி அடைமழை தொடங்கினால், இழுப்பறையில் கிடக்கும் மடக்குக் கத்தியின் கீல் பழுப்பேறிவிடுகிறது. 'எவர்சில்வர் கத்திதானே, இது எப்படித் துருப்பிடிக்கும்?' என்று கேட்காத வீடு அரிது. இக்கேள்வியின் விடையில் பாதி உலோகவியலில் இருக்கிறது. மறுபாதி நம் இலக்கியத்தில் இருக்கிறது.

ஔவை கண்ட படைக்கொட்டில்

புறநானூற்றின் 95ஆம் பாடலை வாசகர் அறிவர். அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற ஔவையாருக்கு அவன் தன் படைக்கலங்களைக் காட்டினான். அவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பெற்று, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க அரண்மனையில் இருந்தன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றார் ஔவை. புகழ்வது போல் பழிக்கும் பாடல் இது என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். அதற்குள் ஒளிந்திருக்கும் தொழில்நுட்பச் செய்தியைச் சொல்ல மறந்துவிடுகிறோம்!

இரும்பைத் துருவிலிருந்து காக்க நெய் பூசும் வழக்கம் சங்ககாலத்தில் இருந்ததற்கு இப்பாடல் சான்று. 'நெய்' என்ற சொல் அக்காலத்தில் பசுநெய்யை மட்டும் குறித்ததன்று. எள்ளின் நெய்யே எண்ணெய் ஆயிற்று. எதுவாயினும் அதன் பணி ஒன்றே: ஈரமும் காற்றும் இரும்பைத் தீண்டாமல் தடுப்பது.

இன்னொன்றும் அப்பாடலில் உண்டு. இரும்பு துருவின்றி இருக்க வழிகள் இரண்டு. ஒன்று நெய்; மற்றொன்று ஓயாத உழைப்பு. தொண்டைமானின் வேலுக்கு முன்னது வாய்த்தது, அதியமானின் வேலுக்குப் பின்னது வாய்த்தது. இரண்டும் வாய்க்காத இரும்பின் கதியை அறிய வேண்டுமா? 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அலெக்சாண்டர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளைப் பாருங்கள். உடன் கிடைத்த பொற்பட்டங்கள் பொன்னாகவே இருக்க, இரும்பு மட்டும் துருவேறிச் சிதைந்திருக்கிறது.

புலவரின் மடக்குக் கத்தி

மடக்குக் கத்தி மேனாட்டிலிருந்து வந்த புதுமை என்று கருதுவோர் உளர். மடக்கெழுத்தாணியை அவர்கள் மறந்துவிட்டார்கள். ஒரு முனையில் எழுதும் ஊசி, மறுமுனையில் ஏட்டை நறுக்கும் சிறு கத்தி, இரண்டும் கைப்பிடிக்குள் மடங்கும். 1815இல் பிறந்து திருச்சிராப்பள்ளியில் பல்லாண்டு வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதினர் என்பது நாம் அறிந்த செய்தி. நாள்தோறும் ஏட்டில் உராயும் ஊசியில் துருவுக்கு இடமேது? அவர்தம் மாணாக்கர் உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றினார். நெய் பூசிய வேலைப் பற்றிய பாடலை நமக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் ஓர் இரும்பு ஊசிதான்.

கடல் கடந்த உருக்கு

கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் மூசைகளில் எஃகு உருக்கிய தடயங்களை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். அத்தகைய இந்திய எஃகை 'வூட்ஸ்' என்று ஐரோப்பியர் அழைத்தனர். 1790களில் அது இலண்டனுக்கு அனுப்பப்பட, அங்கே கத்தி செய்வோரான ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அதைக்கொண்டு ஒரு பேனாக்கத்தி அடித்துப் பார்த்தார். பின்னாளில் மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து, இந்த எஃகின் சிறப்பை அறியவும், எளிதில் துருப்பிடியாத கலவை காணவும் 1820ஐ ஒட்டிப் பல உலோகங்களை எஃகில் கலந்து ஆராய்ந்தார். குரோமியம் கலந்த இரும்பு அமிலத்தை எதிர்க்கும், கத்திகளுக்கு உதவும் என்று பிரெஞ்சு அறிஞர் பெர்த்தியே 1821இல் எழுதினார்.

வெற்றி கிட்ட மேலும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. துப்பாக்கிக் குழல்களின் தேய்மானத்தைக் குறைக்க முயன்ற ஹாரி பிரியர்லி, 1913இல் ஷெஃபீல்டில் ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருவாக்கினார். அந்நகரின் தொழிலே கத்தி செய்வது. எனவே புதிய எஃகு கத்தியாயிற்று.

பெயரில் உள்ள பிழை

தமிழர் அதற்கு இட்ட பெயர் எவர்சில்வர். என்றும் வெள்ளி! அழகிய பெயர்தான், ஆனால் சற்றே ஏமாற்றும் பெயர். குரோமியம் காற்றோடு கூடி, தாளின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே உள்ள படலமாக எஃகைப் போர்த்துகிறது. தொண்டைமானின் நெய் செய்த வேலையை இப்படலம் தானே செய்கிறது. கீறினாலும் மீண்டும் படர்கிறது. உப்பு மட்டும் அதை ஊடுருவிவிடும்.

நம் குடங்களிலும் தட்டுகளிலும் சில 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டவை. கத்தியின் எஃகு வேறு. அது கூர்மையைத் தாங்கக் கடினமாக வேண்டும். அதற்குக் கரி வேண்டும். அக்கரி குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. எனவே படலம் நலிகிறது. வியர்வையின் உப்பும் மாங்காயின் புளிப்பும் கீலின் இடுக்கில் தங்கினால் துரு தொடங்கிவிடும். ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் தோலுறை இதற்குத் துணைபோகிறது.

மருந்து எளிது. பயன்படுத்தியதும் நன்னீரில் கழுவி, துடைத்து, விரித்தபடி உலரவிட்டு, கீலில் ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் இட வேண்டும். காய்கனி நறுக்கும் கத்தியாயின் அலகில் தேங்காய் எண்ணெயை மெல்லப் பூசலாம். நாட்பட்டால் பிசுக்கேறும் என்பதால் அவ்வப்போது துடைத்துப் புதிதாய்ப் பூசுவது நலம். நெடுநாள் வைக்கும்போது உறையிலிருந்து நீக்கி வைக்க வேண்டும்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே கிடக்கும் திருவரங்கத்துக்கும், அதன் தென்கரையில் விரிந்த நம் நகருக்கும் பெருமழை தருவது வடகிழக்குப் பருவம். அது தொடங்குவதற்குச் சற்று முன்னரே ஆயுத பூசை வந்துவிடுகிறது. கருவிகளைத் துலக்கி, துடைத்துப் பொட்டிடும் நாள் அது. காரணம் நம்பிக்கையோ பட்டறிவோ, அந்நாளில் கருவிகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் மனிதக் கையைக் கண்டன. எவர்சில்வர் வந்தபின், 'இதற்கு எதுவும் ஆகாது' என்ற எண்ணத்தில் அந்தக் கையை நாம் விலக்கிக்கொண்டோம். இழுப்பறையில் உறங்கும் கத்திக்கு இன்று தொண்டைமானின் நெய்யும் இல்லை, அதியமானின் போரும் இல்லை. துரு அங்கேதான் தொடங்குகிறது.