அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு: பணம் எடுத்தல்

இந்திய அஞ்சல் துறை 1882 முதல் நடத்திவரும் சேமிப்பு வங்கியின் அடிப்படைக் கணக்கு. இப்போது 2019ஆம் ஆண்டின் அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் திட்ட விதிகளின்படி இயங்குகிறது.

ஒருமுறைக்குக் குறைந்தது 50 ரூபாய் எடுக்க வேண்டும். எடுத்த பின் இருப்பு 500 ரூபாய்க்குக் கீழே இறங்கக் கூடாது. நிதியாண்டின் முடிவில் அந்த அளவு இல்லாவிட்டால் 50 ரூபாய் பராமரிப்புக் கட்டணம் பிடிக்கப்படும். இருப்பு முழுதும் கரைந்தால் கணக்கு தானாகவே மூடப்படும். பத்து வயது நிரம்பிய சிறுவர், சிறுமியர் தாமே கையெழுத்திட்டுப் பணம் எடுக்கலாம். கிராமத்துக் கிளை அஞ்சலகங்களில் ஒரு கணக்கிலிருந்து நாளொன்றுக்கு எடுக்கக்கூடிய தொகை 2021இல் 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாயாக உயர்ந்தது. மருத்துவச் செலவுக்காகப் பட்டணத்துத் தலைமை அஞ்சலகம்வரை பஸ் ஏற வேண்டியிருந்தவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பலர் அறியாமல் இழப்பது வட்டியை. ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி, ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதி முடிவிலிருந்து கடைசி நாள்வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே கணக்கிடப்படுகிறது. 29ஆம் தேதி எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி கிடையாது. இரண்டு மூன்று நாள் பொறுத்து அடுத்த மாதம் 1ஆம் தேதி எடுத்தால் கிடைக்கும். இதைப் பணம் கொடுக்கும் ஜன்னலருகே எழுதி ஒட்டுவது அவசியம்.

தொடர்ந்து மூன்று நிதியாண்டுகள் பணம் போடாமலும் எடுக்காமலும் இருந்தால் கணக்கு செயலற்றதாகும். விண்ணப்பம், அடையாளச் சான்று, பாஸ்புக் ஆகியவற்றைக் கொடுத்து அதை உயிர்ப்பிக்கலாம்.